இடத்தை முதல்ல சொல்லு

அப்பாவின் இடக்கண்ணைப் பறித்தது ஒரு சைக்கிள் செயின். அதைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தவனுக்கு அப்பாமீது ஒரு பகையும் கிடையாது. வயிற்றில் குத்துப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவனை முடித்துவிட்டுப் போக வந்த கும்பல் அது. முன்வாசலில் காவலுக்கு ஆட்கள் நிற்பார்கள் என்று தெரிந்து, பிணவறையை ஒட்டிய பின்வாசல் வழியாக வந்தார்கள். அங்கே அப்பா மட்டும்தான் காவல்.

அப்பா கத்தினார். பிணவறைக்கும் வார்டுகளுக்கும் நடுவில் சலவைக்கூடம் இருக்கிறது. இயந்திரங்கள் ஓடும் இரைச்சலில் அந்தக் கத்தல் அங்கேயே அமுங்கிப்போனது. போனை எடுத்தார். அந்தப் பழைய கட்டடத்தின் பின்பக்கத்தில் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. முதல் வீச்சு போனில் விழுந்தது, அடுத்தது முகத்தில். அவரைச் சுவரோரம் தள்ளி மிதித்துவிட்டு உள்ளே போனவர்கள், தேடிவந்தவனைக் கட்டிலிலேயே வைத்துக் குத்திக் கொன்றார்கள். தடுக்கப் போன ஆயாவின் கையை முறித்தார்கள். வந்த வழியே திரும்பும்போது அப்பாவை இன்னொரு தரம் மிதித்தார்கள்.

அவ்வளவு நேரமும் முன்வாசலில் காவலாளிகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் பெரியம்மா. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் காவலாளி ஏதோ வேடிக்கை சொல்ல, சிரித்துக்கொண்டிருந்தாராம். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் கடைசிவரை விழுங்க முடியவில்லை. அப்பாவுக்குக் கட்டுப் போட்டிருந்த வார்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒருமுறை சொன்னார்.

"அங்க அவன் கண்ணு போகுது, இங்க நான் பல்லைக் காட்டிட்டு நின்னிருக்கேன்."

பெரியம்மா அப்பாவுடைய அண்ணனின் மனைவி. ஆஸ்பத்திரியில் அவருக்குக் 'கதவு' என்று பெயர்; அவரைத் தாண்டி யாரும் போக முடியாது. அந்தப் பெயர் வந்தபோது அவர் காவலாளிகூட இல்லை. சலவைக்கூடத்தில் ரத்தம் தோய்ந்த விரிப்புகளை அலசுகிறவர். ஒரு நர்ஸைக் கத்தியோடு துரத்திவந்த அவள் புருஷன்மீது ஈர விரிப்பை வீசி, அதற்குள்ளேயே அவனை உருட்டி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்தபிறகுதான் எழுந்தார். எழுந்தபோது விரிப்பெல்லாம் ரத்தம். உள்ளே கிடந்தவன் செத்துவிட்டான் என்று நினைத்தார்களாம். ரத்தம் பெரியம்மாவுடையது. கத்தி விரிப்பைக் கிழித்துக்கொண்டு அவர் தொடையில் ஏறியிருந்தது. தையல் பிரிப்பதற்குள் காவலாளி சீருடையைக் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பின் அவர் அடி வாங்காத வருஷம் இல்லை. இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்காது. ஒரு காது பாதிதான் கேட்கும். செத்தவர்களின் சொந்தங்கள் அடிப்பார்கள், பிழைத்தவர்களின் எதிரிகள் அடிப்பார்கள், குடித்துவிட்டுத் தலையை உடைத்துக்கொண்டு வந்தவன் தையல் போடும்போதே உதைப்பான். திருப்பியும் கொடுப்பார். அவர் கை பட்டு மூக்கு உடைந்தவர்களுக்கு அங்கேயே பஞ்சு வைத்து அனுப்புவது வழக்கம். "நம்ம கடையில அடியும் இருக்கு, மருந்தும் இருக்கு" என்பார்.

வேலையிழந்து நின்ற அப்பாவை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். அப்பாவின் கண் போன நாளிலிருந்து பெரியப்பா பெரியம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோற்றுத் தட்டை அவரே எடுத்துவைத்துக்கொள்வார். ஏதாவது கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். அதைக்கூடப் பெரியம்மா தாங்கிக்கொண்டார். காயம் ஆறிய அப்பா, பழைய இடத்துக்கே காவலுக்குப் போவேன் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா அழுதுபார்த்தாள், திட்டிப்பார்த்தாள். முன்வாசலில் நில் என்று பெரியம்மா கெஞ்சினார்.

"முன்வாசல்ல நின்னா நான் பயந்துட்டேன்னு எனக்கே தெரிஞ்சிடும், அண்ணி" என்றார் அப்பா. "அப்புறம் என்னால எங்கயும் நிக்க முடியாது."

இனி அந்தப் பின்வாசலில் அவர் அடிபட்டால் அது மற்றவர்களுக்குக் கேட்டாக வேண்டும். பெரியம்மாவுக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

காவலாளிகளுக்கு வாக்கிடாக்கி வேண்டும் என்று போய்க் கேட்டார். தலைமை மருத்துவர் மறுக்கவில்லை. போலீஸ் வைத்திருக்கும் ரகம் யானை விலை, அதற்கு அனுமதியும் வாங்க வேண்டும். அனுமதி தேவைப்படாத சின்ன வாக்கிடாக்கிகள் கடையில் கிடைக்கும், வார்டுத் திரைச்சீலைக்கு ஒதுக்கிய பணத்தில் மிஞ்சியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் பெரியம்மாவிடமே விட்டார்.

ரேடியோக் கடைக்காரரை அந்தத் தெருவே 'ஹலோ' என்றுதான் கூப்பிடும். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் அதற்குள் ஹலோ சொல்லிப் பார்க்காமல் விற்க மாட்டார். பெட்டியில் அச்சடித்திருந்த கிலோமீட்டர் கணக்கை அவர் வாசித்துக் காட்ட, பெரியம்மா குறுக்கிட்டார். அது மலை உச்சியில் நின்று பேசுகிறவர்களுக்குச் சரி. எங்களுக்கு நடுவில் இருப்பது சுவர், இரும்புக் கதவு, ஈயத்தகடு அடித்த எக்ஸ்ரே அறை என்றார். ஹலோ யோசித்துவிட்டு, ஒரு சிவப்பு ரகத்தை எடுத்துப்போய்ச் சில நாள் ஓட்டிப்பாருங்கள், பிடிக்காவிட்டால் கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுங்கள் என்றார். கீறலுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று பெரியம்மா சிரித்தாராம்.

சிவப்பு செட் எல்லாச் சுவரையும் துளைத்தது. எக்ஸ்ரே அறையில் கேட்டது, அடித்தளத்தில் கேட்டது, பிணவறையின் குளிர்பெட்டிகளுக்கு நடுவிலும் சத்தமாகக் கேட்டது. மாடிப்படியில் உருட்டிவிட்டால் தானாக எழுந்து உட்காரும்போல இருந்தது. பட்டன் பெரியது. கையுறை போட்டுக்கொண்டும் அழுத்தலாம். குறை காவலாளிகளிடம்தான் இருந்தது. வாக்கியம் முடியுமுன்னே விரலை எடுத்துவிடுவார்கள். சொன்னதில் பாதிதான் போய்ச் சேரும். லத்தியை இறுக்கிப் பிடித்துப் பழகிய கைகளுக்குப் பட்டனை எப்போது விடுவது என்று தெரியவில்லை. பெரியம்மாவுக்கு அலுத்துப்போயிற்று. "பட்டன் உங்க உயிருன்னு நினைச்சுப் பிடிங்க" என்று உத்தரவு போட்டார். எல்லோரும் அப்படியே பிடிக்கப் பழகினார்கள். அப்பாவும்தான்.

சில நாளிலேயே அதற்குச் சோதனை வந்தது. விபத்தில் அடிபட்டு வந்த ஒருவன் மேசையிலேயே இறந்துபோனான். டாக்டர் தாமதமாக வந்ததால்தான் செத்தான் என்று யாரோ கொளுத்திப்போட்டார்கள். அவன் ஆட்கள் பெஞ்சுகளைப் பிளந்து மரச்சட்டங்களை உருவினார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலண்டை நின்ற மீசையை முதலில் வளைத்துக்கொண்டார்கள். செட் அவர் கையில் இருந்தது. அடி விழ விழ அந்தக் கை இறுகியது. இறுகிய கைக்குள் பட்டன். பட்டன் அமுங்கியிருக்கும்வரை மற்ற எல்லாச் செட்டிலும் அவர் சத்தம்தான். வேறு யார் பேசினாலும் வெறும் கரகரப்பு. விலா எலும்பு முறியும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டதாம். எங்கே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அவர் இல்லை. "எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்க" என்று தங்கள் செட்டுகளுக்குள் கத்திக்கொண்டே காவலாளிகள் மாடிக்கும் அடித்தளத்துக்குமாக ஓடினார்கள். ஒரு கேள்விகூட அவர் காதுக்குப் போகவில்லை.

கும்பலில் பாதி அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பியது. பெரியம்மா தனியாகக் கதவைத் தாங்கினார். ஆள் அனுப்பச் சொல்லி அவர் கத்தியதெல்லாம் மீசையின் முனகலில் கரைந்தது. கதவு உடைந்தது. ஓர் இளம் டாக்டரின் தோளெலும்பை நாற்காலியால் உடைத்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனர் பெரியம்மாவின் மண்டையைப் பிளந்தது. போலீஸ் வந்து கும்பலை விரட்டியபின், மீசையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் செட்டை எடுத்தார்கள். அதுவரை பட்டன் விடுபடவே இல்லை.

அவரும் பெரியம்மாவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். மீசைக்கு மூச்சு விடவே வலி.

"பட்டன் உயிருன்னு நீங்கதான அக்கா சொன்னீங்க" என்றார்.

பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கட்டிலருகே நின்ற அப்பாவைப் பார்க்கவில்லை. பின்வாசலில் அப்பா விழுந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்: ஆஸ்பத்திரி முழுக்க அவர் சாவதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கும்.

தலைக்கட்டோடு மறுபடி ஹலோவின் கடைக்குப் போனார். சிவப்பு செட்டுகளில் இருந்த கீறல்களை ஹலோ பார்த்தார், பெரியம்மாவின் தலையையும் பார்த்தார், கீறலைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கை இறுகிப்போனால் தானாக வாயை மூடிக்கொள்ளும் செட் ஏதாவது உண்டா என்று பெரியம்மா கேட்டார். ஹலோ மேசைக்கடியிலிருந்து ஒரு கூடையை இழுத்தார். அதில் கறுப்பு செட்டுகள். வாடகைக் கார் கம்பெனிக்காரர்கள் வாங்கிப்போய், பழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவை. கொஞ்ச நேரம் தொடர்ந்து பட்டனை அழுத்தினால் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும்; விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் பேச முடியும். அது பழுதில்லை, அதன் சுபாவமே அப்படி, சொன்னால் யாரும் நம்பவில்லை என்றார் ஹலோ. தள்ளுபடி விலைக்கே தந்தார்.

"ஊர்க்கதை பேசுறவங்களுக்கு இது ஆகாதும்மா. பாதியில வாயை அடைச்சிடும்."

"எங்க ஆளுங்களுக்கு அதான் வேணும்" என்றார் பெரியம்மா.

கறுப்புக்கு வேறொரு குறை இருந்தது. குரல் சன்னம். பிணவறையிலிருந்து முன்வாசலுக்கு எட்டவில்லை. விலை மலிந்ததில் கூடுதலாகக் கிடைத்த ஒரு செட்டைச் சலவைக்கூடத்துக்குக் கொடுத்தார். பின்வாசலில் சொல்வதை அங்கிருக்கும் பெண்கள் கேட்டு, முன்வாசலுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரியம்மாவோடு முன்பு விரிப்பு அலசியவர்கள்தான்; இயந்திரத்துக்கு மேலே கத்திப் பேசியே தொண்டை உரமேறியவர்கள்.

இந்த முறை செட்டை மாடிப்படியில் உருட்டிப் பார்க்கவில்லை. ஆட்களை உருட்டினார். விரிப்புகள் உலர்த்தும் மொட்டைமாடிக்கு எல்லோரையும் வரச்சொன்னார். ஒருவர் செட்டைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். பெரியம்மா முறுக்கிய ஈரத் துண்டால் அவரை அடிப்பார். விளையாட்டு என்று நினைத்து முதலில் வந்தவர் தோளில் விழுந்த அடியில் குந்திவிட்டார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நான் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். துண்டு காற்றில் சுழன்று முதுகில் இறங்கும் சத்தம் கூரையிலிருந்து ஓடு விழுவதுபோல இருந்தது. கட்டட வேலைக்காரர்கள் எதிர் மாடியில் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாருமே பேச வேண்டியதைப் பேசவில்லை. எல்லோரும் அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள்.

"இடத்தை முதல்ல சொல்லு" என்று பெரியம்மா ஓங்கினார். "அம்மாவை அப்புறம் கூப்பிட்டுக்கலாம். அவங்க எங்கயும் போயிட மாட்டாங்க."

இடம், எத்தனை பேர், கையில் என்ன. இவ்வளவுதான் பாடம். கை இறுகினால் செட் கீச்சிடும், அந்த நேரத்தில் மற்றவர்கள் பேசிவிட வேண்டும். அடி வாங்குகிறவர் அதைக் கேட்டு நடக்க வேண்டும். விலாவில் கட்டோடு உட்கார்ந்திருந்த மீசை மட்டும் எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அடி வாங்காமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வாய் நீளும்தான் என்று அவரையும் எழுப்பிக் காலில் இரண்டு கொடுத்தார்கள்.

அப்பாவின் முறை வந்ததும் பெரியம்மாவின் கை தாழ்ந்தது. நீ வேண்டாம், பார்த்துக் கற்றுக்கொண்டால் போதும் என்றார். அப்பா நகரவில்லை.

"அவனுங்க பாவம் பார்க்கமாட்டானுங்க அண்ணி. அடிங்க."

அடித்தார். பார்வையில்லாத பக்கமிருந்து வந்த முதல் அடிக்கே அப்பா உறைந்துபோனார். செட்டைப் பிடித்த கை முஷ்டியானது. வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. பெரியம்மா நிறுத்தாமல் முதுகிலும் தொடையிலும் இறக்கினார். செட் கீச்சென்றது. சலவைக்கூடத்துப் பெண்ணின் குரல் அதில் வந்து, யார் அது, எங்கே என்று கேட்டது. அப்பா தன் விரல்களை அப்போதுதான் பார்த்தார். விட்டார், மறுபடி அழுத்தினார். "மொட்டைமாடி. ஒருத்தர். ஈரத்துண்டு" என்றார். மாடியே சிரித்தது. பெரியம்மா துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

பிறகு வந்தது ஒரு பிற்பகல். வார்டில் கொலையானவனின் தம்பியே இப்போது வெட்டுப்பட்டு உள்ளே கிடந்தான். அவனையும் முடிக்க அதே கும்பல் வந்தது. பழகிய வழி, ஒற்றைக் கண்ணன் ஒருவன்தான் நிற்பான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்ததை அப்பா கேட்டார்.

"பின்வாசல். நாலு பேர். கம்பி, செயின்" என்று சொல்லி முடித்தார். அடுத்த கணம் கம்பி அவர் மூக்கை உடைத்தது. முழங்காலில் ஒன்று. கை இறுகிவிட்டது. அவர் முனகலும் கம்பி சுவரில் மோதும் ஓசையும் எல்லாச் செட்டுகளிலும் கொட்டின. ஆனால் இடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. சலவைக்கூடத்துப் பெண் செட்டை நம்பாமல் நடைவழியிலேயே ஓடிவந்து கத்த, முன்வாசலிலிருந்து எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். அப்பாவின் செட் கீச்சென்றது. ஓடிக்கொண்டே பேசிய பெரியம்மாவின் குரல் மூச்சிரைப்போடு அதில் வந்தது.

"வாசலை விடு. பிணவறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போடு. வாசல் போனா போகட்டும்."

அப்பா வாசலை விடும் ஆள் இல்லை. அவருக்குள் இருந்த அத்தனை பிடிவாதமும் அந்த இடத்தில் நிற்கத்தான். பிறகு அவரே சொன்னார்: அண்ணி சொன்னது காதில் விழாமல் இருந்திருந்தால் அங்கேயே நின்று செத்திருப்பேன் என்று. ஊர்ந்து உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்தித் தாழிட்டார். அவர்கள் கம்பியால் கதவை இடித்தார்கள். ஆளை முடித்துவிட்டு உள்ளே போகலாம் என்ற வெறியில் அங்கேயே நேரத்தைத் தொலைத்தார்கள்.

இரண்டு பக்கத்திலிருந்தும் காவலாளிகள் வந்து இறங்கினார்கள். ஒருவனை இரண்டு பெண்கள் துணித்தொட்டிக்குள் கவிழ்த்து மூடினார்கள். ஒருவன் மதில் ஏறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டான். ஒருவன் கம்பியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான், தூக்கியும் அடித்தார்கள். அப்பாவின் கண்ணைப் பறித்த அதே செயின்காரன் பெரியம்மாவை நோக்கி வந்தான். அவர் வழியில் பிடுங்கிவந்த குளுக்கோஸ் ஸ்டாண்டை இரண்டு கையாலும் சுழற்றி அவன் தலையில் இறக்கினார். அவன் விழுந்தான். விழுந்தவனை மறுபடி அடித்தார். மூன்றாவது தரம் ஓங்கியபோது தாழ் திறந்து வெளியே வந்த அப்பா, ரத்தம் வழியும் முகத்தோடு அந்த ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அதை மாறி மாறி இழுத்தார்கள். கடைசியில் பெரியம்மா விட்டார்.

செயின்காரனின் மண்டையோடு விரிசல் விட்டிருந்தது. ஸ்ட்ரெச்சரில் போட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உருட்டினார்கள். பெரியம்மாவும் ஒரு பக்கம் தள்ளினார். அவன் ஒரு கை தொங்கிக்கொண்டு அவர் தொடையில் இடித்தபடியே வந்தது.

செய்தி வெளியே போய்விட்டது. வெட்டுப்பட்டுக் கிடந்தவனின் ஆட்கள் முன்வாசலில் திரண்டார்கள். அண்ணனைக் கொன்றவன் மயக்கமாக உள்ளே படுத்திருக்கிறான், இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கேட்டை ஆட்டத் தொடங்கினார்கள். முதல் கல் ஜன்னலை உடைத்தது.

காவலாளிகள் பெரியம்மாவைப் பார்த்தார்கள்.  கேட்டைக் கொஞ்சம் மெதுவாகப் பூட்டினால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அப்பாவின் கண்ணுக்கும் கணக்கு முடிந்துவிடும். பெரியம்மா சீருடையில் கையைத் துடைத்துக்கொண்டு செட்டை எடுத்தார்.

"கேஷுவாலிட்டி வாசல். அம்பது பேருக்கு மேல. கல்லு. எல்லாரும் இங்க வாங்க. உள்ள ஒருத்தன் படுத்திருக்கான், அவனை யாரும் தொடக்கூடாது."

 செட்டில் மீசையின் குரல் வந்தது.

"எவனை அக்கா?"

"நான் அடிச்சவனை."

அப்பாவின் மூக்கில் நர்ஸ் அப்போதுதான் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்தார். நொண்டிக்கொண்டே போய்ச் செயின்காரன் கட்டிலின் கால்மாட்டில், வாசலைப் பார்த்தபடி நின்றார். கேட் சாய்ந்தது. பெரியம்மா இரட்டைக் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்தார். வந்து சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் முதுகைக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து விழுந்த ஒவ்வொரு அடிக்கும் எல்லோரும் சேர்ந்தே அதிர்ந்தார்கள். போலீஸ் வண்டிச் சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றார்கள். கட்டிலில் கிடந்தவன் பிழைத்தான். அவனுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.